இயற்பியல் இளநிலைக்கு எந்த நிறுவனம்? மூன்றாம் ஆண்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் பிளஸ் டூவில் கணிதம், கணினி அறிவியல் பிரிவு. உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டாயிற்று. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சியின் நான்காண்டு பி.எஸ்., புனேயில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான ஐசரின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ்., சென்னை அருகே சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகமான சிஎம்ஐயின் மூன்றாண்டு கணிதம்-இயற்பியல் பி.எஸ்சி., ஒரு ஐஐடியில் இன்ஜினியரிங் பிசிக்ஸ் பி.டெக். ஆகிய நான்கிலும் இடம் கிடைக்கும் நிலை. நான்கில் எது முதலிடம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்று வருகிறாள், பின்னால் வருத்தப்படக் கூடாது" என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலாவது கேள்விக்குப் பட்டியல் போதும். இரண்டாவதற்கு, இந்த நான்கும் அவருடைய நேரத்தை எப்படிச் செலவழிக்கும், எந்தக் கதவை எப்போது மூடும் என்று பார்க்க வேண்டும்.

தரவரிசையை ஒதுக்கி வையுங்கள். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் பட்டியல் கற்பித்தல் வளங்கள், ஆராய்ச்சி, தேர்ச்சி பெற்றவர்களின் நிலை, எல்லாத் தரப்புக்கும் இடம், மற்றவர்களின் கருத்து ஆகிய ஐந்தையும் கூட்டி நிறுவனம் முழுவதற்கும் ஒரு மதிப்பெண் தருகிறது. இயற்பியலுக்கென்று அதில் தனிப் பட்டியலே கிடையாது. உலக அளவிலான க்யூஎஸ் பட்டியலில் இயற்பியல் தனியாக உண்டு. ஆனால் அது ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள்களையும், பேராசிரியர்களிடமும் வேலை தருபவர்களிடமும் எடுத்த கருத்துக் கணிப்பையும் வைத்துப் போடப்படுவது. இரண்டாம் ஆண்டு மாணவியின் மின்காந்தவியல் வீட்டுக் கணக்கை யார் திருத்துகிறார், எத்தனை நாளில் திருப்பித் தருகிறார் என்பது எந்தப் பட்டியலிலும் வராது. இந்த வயதில் மாணவரை உருவாக்குவது அதுதான்.

முதல் ஒன்றரை ஆண்டில் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே பாடம்தான்: இயக்கவியல், மின்னியல், அலைகள், நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம். வித்தியாசம் மூன்றாம் ஆண்டில் தெரியும். ஆறாவது செமஸ்டர் முடியும்போது ஒரு நல்ல இயற்பியல் மாணவி குவாண்டம் இயக்கவியலை இரண்டு செமஸ்டர் முழுதாக முடித்திருக்க வேண்டும். ஒரு செமஸ்டர் புள்ளியியல் இயக்கவியல், கதிர்வீச்சும் சார்பியலும் வரை போகும் மின்காந்தவியல், லாக்ராஞ்சியன்-ஹாமில்டோனியன் இயக்கவியல், கணினியில் எண்முறைக் கணக்கீடு, இவற்றோடு குறைந்தது இரண்டு மேல்நிலை ஆய்வகங்கள். ஹால் விளைவு, சீமன் விளைவு, ஃபிராங்க்-ஹெர்ட்ஸ், காமா நிறமாலை போன்றவற்றைத் தன் கையால் செய்து, பிழையைக் கணக்கிட்டு எழுதியிருக்க வேண்டும். ஆராய்ச்சிப் படிப்புகளுக்கான ஜெஸ்ட் தேர்வு, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டிஐஎஃப்ஆரின் நுழைவுத் தேர்வு, முனைவர் பட்ட நேர்காணல் எல்லாமே இந்தச் சரக்கைத்தான் சோதிக்கும்.

ஏன் ஆறாவது செமஸ்டர் என்று சொல்கிறேன் என்றால், நான்காண்டுப் படிப்பில் இருப்பவர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பது நான்காம் ஆண்டு டிசம்பரில். அப்போது கையில் இருப்பது ஆறு செமஸ்டர் மதிப்பெண்ணும், வழக்கமாகக் கேட்கப்படும் மூன்று பரிந்துரைக் கடிதங்களும் மட்டும். ஏழாவது செமஸ்டர் முடிவு வந்திருக்காது. கடைசி ஆண்டு ஆய்வுத் திட்டம் பாதியில் நிற்கும். ஐஐஎஸ்சியில் முதல் மூன்று செமஸ்டர் எல்லாருக்கும் பொது. உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல், கொஞ்சம் பொறியியல், மானுடவியல் என்று எல்லாமும் உண்டு. முதன்மைப் பாடம் நான்காவது செமஸ்டரில்தான் தொடங்குகிறது. ஆக, விண்ணப்பத்தில் தெரியப்போவது மூன்றே செமஸ்டர் ஆழமான இயற்பியல். இது குறை என்று சொல்லவில்லை. பதினேழு வயதில் இயற்பியல் என்று வந்தவர் பத்தொன்பதில் பொருளறிவியலுக்கோ உயிரியலுக்கோ மாறுவது சாதாரணம், அதற்கு அந்த மூன்று செமஸ்டர் இடம் தருகிறது. ஆனால் இரண்டாம் ஆண்டு முடிந்து வரும் கோடையை அங்கே வீணாக்க முடியாது. ஐந்தாண்டுப் படிப்பில் இந்த நெருக்கடி குறைவு; ஓர் ஆண்டு கூடுதலாக இருப்பதால் கடிதம் எழுதும் பேராசிரியருக்கும் மாணவியை அறிய அவகாசம் கிடைக்கிறது.

உயிரியல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டுக் கணினிப் பிரிவு மாணவர்கள் தடுமாறும் இடம் இது. ஐசர் நுழைவுத் தேர்வான ஐஏடியில் 60 கேள்விகளில் 15 உயிரியல். அதைத் தொடாமல் விட்டும் மற்ற மூன்றில் ஈடுகட்டலாம், உங்கள் மகள் ஈடுகட்டியிருக்கிறார். ஆனால் சேர்ந்த பிறகு தொடக்க செமஸ்டர்களில் உயிரியல் பாடமும் ஆய்வகமும் கட்டாயம், அங்கே விட்டுவிட முடியாது. அதில் தவறிப்போவதை விட அடிக்கடி நடப்பது வேறு: வெறுப்போடு படித்து மொத்த சராசரி மதிப்பெண் இறங்கிவிடும். சேர்வதற்கு முன் இரண்டு மாதம், பதினொன்றாம் வகுப்பு உயிரியலில் செல், மரபியல் இரண்டை மட்டும் நிதானமாகப் படித்தால் இந்த அடி பெரும்பாலும் விழாது. முதன்மைப் பாடத்தைத் தேர்வு செய்வது முழுக்க மாணவரின் விருப்பமா, மதிப்பெண் வரம்போ இட வரம்போ உண்டா என்பதையும் அந்தந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. சீனியர் சொன்னது அவர் சேர்ந்த ஆண்டின் விதி.

ஐஐஎஸ்சியின் பெரிய பலம் அதன் மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பவை. உயர் ஆற்றல் இயற்பியல் மையமும் கருவியியல் துறையும் உள்ளேயே. ராமன் ஆய்வுக் கழகம் பக்கத்தில். கோரமங்கலாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம், ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு மையம், ஹெசரகட்டா பக்கம் கோட்பாட்டு அறிவியல் மையமான ஐசிடிஎஸ். சனிக்கிழமை பேருந்து ஏறிப் போய் ஒரு கருத்தரங்கில் உட்காரலாம். முதல் ஆறு மாதம் ஒன்றும் புரியாது, பரவாயில்லை. புனே ஐசருக்கும் இப்படிப்பட்ட அக்கம்பக்கம் உண்டு. புனே பல்கலைக்கழக வளாகத்தில் வானியல், வானியற்பியல் மையமான அயூக்கா, அதோடு ரேடியோ வானியலுக்கான என்சிஆர்ஏ. கோடாடில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களோடு நிற்கும் தொலைநோக்கியை நடத்துவது இவர்கள்தான். ஐந்தாம் ஆண்டு முழுக்க ஆய்வேடு. ஐசர்களின் இன்னொரு பலம், அவை இளநிலை மாணவர்களை மனதில் வைத்தே 2006 முதல் கட்டப்பட்டவை. ஐஐஎஸ்சி நூறு ஆண்டு முதுநிலை ஆராய்ச்சிக் கூடமாக இருந்துவிட்டு 2011இல்தான் இளநிலையைத் தொடங்கியது. இந்த வேறுபாடு வகுப்பறையில் தெரியும் என்பது என் கணிப்பு. அந்தந்த ஆண்டு யார் பாடம் நடத்துகிறார் என்பதைப் பொறுத்து அது தலைகீழாகவும் மாறலாம்.

சிஎம்ஐ வேறு இனம். அங்கே இயற்பியல் மாணவி கணித மாணவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மெய்யெண் பகுப்பாய்வும் இயற்கணிதமும் படிப்பார், நிரூபணம் எழுதுவார். வகுப்பு சிறியது, ஆசிரியரின் கதவு திறந்திருக்கும். ஈர்ப்பலைகளைக் கண்டறிந்த லைகோ கூட்டமைப்பில் பங்கெடுத்த குழு அங்கே இருக்கிறது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. கோட்பாட்டு இயற்பியலுக்குள் போக இதைவிட நேர்வழி இந்தியாவில் குறைவு. ஆனால் மூன்று ஆண்டு முடிவில் கையில் இருப்பது மூன்றாண்டுப் பட்டம். ஐரோப்பிய முதுநிலைக்கு அது பொருந்தும். இந்தியாவில் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாம் எழுதி ஐஐடி எம்.எஸ்சி.க்கோ ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கோ, டிஐஎஃப்ஆரின் நுழைவுத் தேர்வு எழுதி அதன் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கோ போகலாம். அமெரிக்காவில் பல துறைகள் நான்கு ஆண்டை எதிர்பார்க்கின்றன. சோதனை இயற்பியல் பக்கம் மனம் திரும்பினால், சிஎம்ஐயில் ஐஐஎஸ்சிக்கோ ஐசருக்கோ ஈடான ஆய்வகம் இருக்காது.

மகளுக்கு "கருந்துளைகள் பிடிக்கும், தியரிதான் வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் டூ முடித்தவர் இதைச் சொல்வது இயல்பு, நல்ல அறிகுறியும்கூட. ஆனால் பள்ளியில் உண்மையான கோட்பாட்டையும் பார்த்திருக்க மாட்டார், உண்மையான சோதனையையும் செய்திருக்க மாட்டார். இரண்டையும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். முதலாவது: சிஎம்ஐயின் பழைய நுழைவுத்தேர்வுத் தாள்களில் விரிவாக எழுத வேண்டிய பகுதியிலிருந்து மூன்று கணக்கைக் கொடுங்கள், நேர வரம்பு வேண்டாம். விடை வந்ததா என்று பார்க்காதீர்கள். வராத கணக்கை மறுநாள் காலையில் தானாகத் திரும்ப எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுத்தால் சிஎம்ஐ பொருந்தும்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு நூலும் ஒரு சிறு இரும்புக் குண்டும் கைபேசியும் போதும். ஒரு மீட்டர் நீளத்தில் ஊசல் கட்டி, புவியீர்ப்பு முடுக்கத்தை ஒரு சதவீதப் பிழைக்குள் அளக்கச் சொல்லுங்கள். 20 அலைவுக்குச் சுமார் 40 விநாடி ஆகும். விரல் ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் 0.2 விநாடி பிசகினால் காலத்தில் அரை சதவீதம். காலம் இருமடியாக வருவதால் விடையில் ஒரு சதவீதம் அங்கேயே போய்விட்டது. நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் மேல்முனை வரை அளந்து ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் இன்னொரு சதவீதம். 10 பாகைக்கு இழுத்து விட்டால் அலைவுக்காலம் கிட்டத்தட்ட 0.2 சதவீதம் கூடி, விடையில் 0.4 சதவீதம் குறையும். மேலே கட்டிய முடிச்சு தளர்ந்து ஆடினால் நீளமே நிலையாக இருக்காது. முதல் முயற்சியில் 9.5 என்று வரும். அதோடு நோட்டை மூடிவிடுகிறாரா, அந்த 0.3 எங்கே போனது என்று தேடுகிறாரா? 50 அலைவு எடுத்துப் பார்க்கலாமா, குண்டு நடுப்புள்ளியைக் கடக்கும்போது அழுத்தலாமா என்று யோசிக்கிறாரா? இந்தத் தேடலில் சுவை கண்டவரை ஆய்வகம் இல்லாத இடத்துக்கு அனுப்பாதீர்கள். எத்தனை மதிப்பெண் பட்டியலை ஆராய்ந்தாலும் கிடைக்காத தகவல் இந்த ஒரு மாலையில் கிடைத்துவிடும்.

ஐஐடி இன்ஜினியரிங் பிசிக்ஸ் உங்கள் கவலைக்கு நேரடி மருந்து. பட்டம் பி.டெக்., வளாக நேர்காணலில் மென்பொருள், தரவு, சிப் வடிவமைப்பு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் உட்காரலாம், கணினி அறிவியல் பாடங்களையும் சேர்த்து எடுக்கலாம். மின்னணுவியல், ஒளியியல், குறைக்கடத்தி பக்கம் போக விரும்புபவருக்கு இது வலுவான அடித்தளம். இங்கிருந்து இயற்பியல் முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களும் உண்டு. இடர் ஒன்றுதான்: சுற்றிலும் இருப்பவர்களில் பலர் ரேங்க் இழுத்துவந்து விட்டதால் அந்தத் துறைக்கு வந்தவர்கள். மூன்றாம் ஆண்டு விடுதியில் எல்லாரும் இன்டர்ன்ஷிப் கோடிங் தேர்வுக்குத் தயாராகும்போது ஒருவர் மட்டும் குவாண்டம் கணக்கு போட்டுக்கொண்டிருப்பது கடினம். இயற்பியல் கூட்டாகக் கற்கும் பாடம். இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி "இந்த எல்லை நிபந்தனை எனக்குப் புரியவில்லை" என்று கேட்க இரண்டு பேர் வேண்டும். அதே ஐஐடியில் கடைசியாக வெளியேறிய வகுப்பில் எத்தனை பேர் இயற்பியலில் தொடர்ந்தார்கள் என்று துறையிலேயே கேளுங்கள். ஐந்தாறு பேராவது இருந்தால் போதும்.

பாடத்திட்டத்தைப் படிக்கும் முறை: ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே 3-1-0 போன்ற எண்கள் இருக்கும். வாரத்துக்கு விரிவுரை, டியூட்டோரியல், ஆய்வக மணிகள். நடு எண் எல்லா இடத்திலும் பூஜ்யமாக இருந்தால் கணக்குப் பயிற்சிக்குத் தனி நேரமில்லை என்று பொருள். விருப்பப் பாடப் பட்டியலில் முப்பது தலைப்பு இருக்கலாம். உண்மையில் நடந்தவை எவை என்று தெரிய, இந்த செமஸ்டரின் கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். முதலாண்டு மாணவர்களிடம் கேட்காதீர்கள், அவர்களுக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம் ஆண்டு படிப்பவரிடம் கேளுங்கள்: ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர்? முனைவர் மாணவர்களுக்கான பாடத்தில் நீங்கள் உட்கார முடியுமா? போன கோடையில் எங்கே போனீர்கள், யார் வழிகாட்டினார்? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் வந்தால் நல்ல துறை.

வருமானக் கவலைக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியவை: ஐஐஎஸ்சி, ஐசர், சிஎம்ஐ போன்ற அடிப்படை அறிவியல் படிப்புகளில் தகுதி பெறுவோருக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடை ஆய்வுக்கானது. பி.டெக்.குக்கு இது கிடையாது. முதல் ஆண்டுக் கட்டணத்தை இதை நம்பி வைக்காதீர்கள், பணம் சேர்க்கைக்குப் பிறகுதான் வரும். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. முனைவர் பட்டம் ஐந்து, ஆறு ஆண்டு ஆகும். இளநிலையிலிருந்து கணக்கிட்டால் நிலையான வேலை வரும்போது வயது முப்பதைத் தொடும். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. இதை மறைத்து யாராவது ஊக்கம் தந்தால் நம்பாதீர்கள். மறுபக்கம், எம்.எஸ்சி. அளவில் பாபா அணு ஆராய்ச்சி மையமான பார்க்கின் பயிற்சிப் பள்ளி, கேட் எழுதி எம்.டெக்., தரவுப் பணிகள், குறைக்கடத்தித் துறை என்று வெளியேறும் வழிகளும் உண்டு. அந்த வழிகள் திறந்திருக்க வேண்டுமானால் மூன்றாம் ஆண்டுக்குள் நிரல் எழுதுவதில் நல்ல பயிற்சி வேண்டும். உங்கள் மகள் கணினிப் பிரிவிலிருந்து வருகிறார், அது இங்கே கைகொடுக்கும்.

நீங்கள் கேட்காத புவனேஸ்வர் நைசரையும் சேர்த்துச் சொல்கிறேன். அணுசக்தித் துறையின் கீழ் நடக்கும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. அது. அதன் நெஸ்ட் தேர்வில் நான்கு பகுதியில் சிறந்த மூன்றின் மதிப்பெண்தான் எடுத்துக்கொள்ளப்படும் என்பதால் உயிரியல் படிக்காதவர்களுக்கு இடர் குறைவு. அதற்கும் விண்ணப்பித்திருந்தால் புனேவுக்கு நிகராக வைத்துப் பாருங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து என் வரிசை இது. இரண்டு சோதனையும் செய்யாமலே முடிவெடுக்க வேண்டுமென்றால் ஐஐஎஸ்சி. நான்காண்டுப் பட்டம், எல்லாக் கதவும் திறந்திருக்கிறது, தியரியும் சோதனையும் இரண்டும் உண்டு. இயற்பியல்தான் என்பதில் சந்தேகமே இல்லை, அவசரமில்லாமல் ஆழமாகப் போக வேண்டும் என்றால் புனே ஐசர். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. நிரூபணக் கணக்கை மறுநாள் காலையில் தானே எடுத்தவர் என்றால் சிஎம்ஐயை முதலில் வைக்கத் தயங்க மாட்டேன். வீட்டில் கல்விக் கடன் இருந்து, இருபத்திரண்டு வயதில் சம்பளம் கட்டாயம் என்றால் ஐஐடி, அதில் தாழ்வு எதுவும் இல்லை. அந்தக் கடைசி நிபந்தனை இருக்கிறதா என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்தது. அதை மகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அவரைத் தேர்வு செய்ய விடுங்கள்.

கலந்தாய்வுகள் தனித்தனியாக நடக்கின்றன: ஐசர்களுக்கு ஒன்று, ஐஐடிகளுக்கு ஜோசா என்ற கூட்டுக் கலந்தாய்வு, ஐஐஎஸ்சிக்கும் சிஎம்ஐக்கும் அவரவர் முறை. ஓரிடத்தில் இடத்தை உறுதி செய்யக் கட்டிய பணத்தை எந்தத் தேதிக்குள் விலகினால் திருப்பித் தருவார்கள் என்பதை நான்கிலும் பார்த்து, ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சான்றிதழ்களின் அசலை எங்கே, எப்போது கேட்பார்கள் என்பதையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அசலை ஓரிடத்தில் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குக் காட்ட முடியாமல் தவிப்பது ஒவ்வொரு ஜூலையிலும் சில வீடுகளில் நடக்கிறது.